சாக்கிய பௌத்த சங்கமும் நம் படிப்பு வட்டமும்

திருவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தோன்றிய ஆண்டு 1875. அந்நாளில் நம் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக விளங்கிய ஆங்கிலேயரின் பெயரே நூலகத்துக்கு வழங்கலாயிற்று. சென்னையின் கன்னிமாரா பொது நூலகம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1896 டிசம்பரில் ஆகும். அதனினும் இருபத்தோர் ஆண்டு மூத்த நூலகம் ஒன்று நம் ஊரில் உண்டு என்பது இவ்வட்டாரத்தார் அனைவரும் பெருமை கொள்ளத்தக்க செய்தியே.

ஆயினும் ஊரில் நூலகம் இருப்பது ஒன்று. அவ்வூரின் எல்லாத் தெருவினரும் எழுத்தறிந்து, அச்சமின்றிப் படியேறி, நூலைக் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே கிடந்த தொலைவு எத்துணை என்பதை ஒரு செய்தியால் உணரலாம். பொதுச் சாலைகள், கிணறுகள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றை எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924ஆம் ஆண்டில்தான். 1875க்கும் 1924க்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, மணந்து, பேரன் பேத்தி கண்டுவிடும் காலம் அது.

அந்த நாற்பத்தொன்பது ஆண்டுகளில் நம்மவர் கையைக் கட்டிக்கொண்டு வாயிலில் நின்றிருந்தனரா? இல்லை. பிறர் கதவு திறக்கும்வரை காத்திராமல் தாமே கூடி, தாமே படித்து, தாமே அச்சிட்டு, நூலையும் இதழையும் கைக்குக் கை மாற்றிக்கொண்ட ஒரு பெரும் முயற்சி அக்காலத்திலேயே எழுந்தது. அதன் வரலாற்றை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தையும் அதனோடு சேர்ந்த இரவல் நூல்நிலையத்தையும் இனியும் நடத்த வேண்டுமா என்ற வினா இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்தது. போட்டித் தேர்வுக்குரிய நூல்களை மட்டும் அலமாரிகளில் வைத்தால் போதும், சமய நூலும் வரலாற்று நூலும் வேலை வாங்கித் தருமா என்று இளைஞர் சிலர் கேட்டனர். கேட்டதில் தவறில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவன் அப்படித்தான் கேட்பான். அவ்வினாவுக்கு ஆம் அல்லது இல்லை என ஒரே சொல்லில் விடையிறுக்க நமக்கு மனம் வரவில்லை. முன்னோர் செய்ததைச் சொல்லலாம் என்று தோன்றிற்று.

அயோத்திதாசப் பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். ஆசிரியர் பெயரைச் சூடிய மாணவர் என்பதொன்றே அவருக்குக் கல்வியின்மேல் இருந்த பற்றை விளக்கும். தமிழும் சித்த மருத்துவமும் அவர் குடும்பத்தில் வழிவழி வந்தவை. ஆங்கிலேயர் இல்லத்தில் பணியாற்றிய தம் பாட்டனார் கந்தப்பனே திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தவர் என்று பண்டிதர் எழுதியுள்ளார். ஓலைச்சுவடியைப் பேணி வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து அவர் வந்தார் என்பதை இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும். எழுத்து நமக்கு நேற்று வந்ததன்று.

நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870களில், அவர் அத்துவைதானந்த சபை என்றோர் அமைப்பை நிறுவினார். பெயரே கூறுவதுபோல் அது ஒரு சமயப் படிப்பு வட்டம். வேதாந்த வழியில் சாதி வேறுபாட்டைக் கடந்துவிடலாம் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. 1891இல் திராவிட மகாஜன சபை தோன்றிற்று. அதன் மாநாடு அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் கூடியது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். 1892இல் சென்னையில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் சார்பில் பண்டிதர் சென்றார். எல்லோருக்கும் உரிய தெய்வங்கள் என்று சொல்லப்படும் சிவன், திருமால் கோயில்களில் எம் மக்களை ஏன் நுழையவிடுவதில்லை என்று அவையில் எழுந்து கேட்டார். அவையிலிருந்த சாஸ்திரியார் ஒருவர், உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்க, எங்கள் தெய்வம் உங்களுக்கு எதற்கு என்னும் பொருள்படப் பதிலுரைத்தார். அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, எங்கள் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பள்ளி வேண்டும், தரிசு நிலம் வேண்டும் என்று பண்டிதர் கேட்டார். வேதாந்தம் படித்தவர் அவர், சபை கண்டவர். படித்த நூல் ஒன்றைச் சொல்ல, படித்தவர் அவை மற்றொன்றைச் சொல்லிற்று. அத்துவைதத்தின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை இதற்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

இதே காலத்தில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கம் இயங்கி வந்தது. அமெரிக்கரான கர்னல் ஆல்காட் அதன் தலைவர். 1886 டிசம்பரில் அவர் அங்கே தொடங்கிய அடையாறு நூலகம் பல சமயங்களின் சுவடிகளையும் நூல்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. 1894இல் நம் மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியவரும் அவரே. பண்டிதர் ஆல்காட்டை அணுகினார். அவருடைய உதவியால் 1898இல் பண்டிதரும் பஞ்சமர் பள்ளியின் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரும் இலங்கை சென்றனர். கொழும்பில் வித்தியோதய பிரிவேனாவின் தலைவராக இருந்த ஹிக்கடுவே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினர். அவ்வாண்டிலேயே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது.

ஆல்காட்டின் உதவியை மறைக்கவும் வேண்டா, மிகைப்படுத்தவும் வேண்டா. வழிச்செலவும் அறிமுகமும் அவரால் கிடைத்தன. ஆனால் பௌத்தத்தைத் தமிழ் நூல்களிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சமயமன்று, நம் முன்னோர் கைவிட நேர்ந்த பழைய வீடு என்று காட்ட வேண்டும் என்னும் எண்ணம் பண்டிதருடையது. 1898ஆம் ஆண்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததும் அவ்வாண்டே. ஒருபுறம் தமிழின் பௌத்தக் காப்பியம் சுவடியிலிருந்து அச்சேறியது. மறுபுறம் அக்காப்பியத்தின் நெறியைத் தம் நெறியென்று சொல்லும் மக்கள் இராயப்பேட்டையில் கூடினர். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்போர் இன்றும் சிலரே.

சங்கத்தில் சேர்வது எவ்வாறு? புத்தம், தன்மம், சங்கம் எனும் மூன்று சரணங்களையும், கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்து சீலங்களையும் ஏற்பதே நுழைவு. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவர் அங்கே சேர இயலாது. சாதியை விட்டுத்தான் சேர வேண்டும். சேர்ந்தபின் கூட்டங்கள், சொற்பொழிவுகள், நூல் விளக்கங்கள். திருமணமும் ஈமச் சடங்கும்கூடப் புரோகிதரின்றி அந்நெறியிலேயே நடத்தப்பட்டன. எனவே இதனை வெறும் வழிபாட்டு மன்றம் என்றும் சொல்ல முடியாது, வெறும் வாசகசாலை என்றும் சொல்ல முடியாது. படித்ததை வீட்டுக்குள் கொண்டுசெல்லும் ஏற்பாடு அது.

சங்கத்தின் குரல் தெருவெங்கும் கேட்கத் தொடங்கியது 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் புதன்கிழமை. அன்றுதான் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. விலையே பெயராயிற்று. ஓராண்டு கழிந்தபின் ‘தமிழன்’ என்றே வழங்கலாயிற்று. நான்கு பக்கத் தாள்தான். அதில் அரசியல் உண்டு, மருத்துவக் குறிப்பு உண்டு, புத்தர் சரிதம் உண்டு, திருக்குறளுக்குப் புதிய உரை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்போர் எழுதிக் கேட்கும் ஐயங்களுக்குப் பண்டிதரின் விடை உண்டு. இராயப்பேட்டையில் உட்கார்ந்து கேட்க இயலாதவர் தபாலில் கேட்டார். விடை அச்சில் வந்தது. அதனை அவர் மட்டுமின்றி அவர் தெருவே கேட்டது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றோர் சுற்றி அமர்ந்து கேட்பதே அந்நாளைய வழக்கம். ஆகவே ஓர் இதழுக்கு ஒரு வாசகர் என்று கணக்கிடுவது பிழை.

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கியபோது, கணக்கெடுப்போரிடம் தம்மைச் சாதி பேதமற்றவர் என்றும் பௌத்தர் என்றும் பதியச் சொல்லுமாறு பண்டிதர் மக்களைத் தூண்டினார். படிப்பு வட்டத்தில் ஒருவர் கற்றுக்கொண்டது, அரசு அலுவலர் வாசலில் வந்து பெயரும் குலமும் கேட்கும்போது என்ன சொல்வது என்பதாக மாறிவிட்டது. நம் இளைஞர் கேட்ட வினாவுக்கு இஃது ஒரு விடை ஆகலாம்.

சங்கத்தின் கிளைகள் பெங்களூர், ஹூப்ளி, திருப்பத்தூர், செகந்திராபாத் எனப் பரவின. கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் கூட நம்மவர் சங்கம் கண்டனர். இவை எல்லாவற்றுள்ளும் வேரூன்றி நின்றது கோலார் தங்கவயல். அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குத் தங்கச் சுரங்கங்களை நடத்தினர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்குச் சென்றனர். நிலத்துக்கடியில் பல்லாயிரம் அடி ஆழத்தில், வெப்பத்திலும் கல்வெடியிலும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தனர். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் முதன்முதலில் தங்கவயலுக்குத்தான் வந்தது; தொழிலாளர் வரிசை வீடுகளுக்கன்று, சுரங்க எந்திரங்களுக்கு. அவ்விடத்தில்தான், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும், பௌத்த சங்கக் கிளைகள் அமைந்தன. ஊரில் பண்ணையார் கொடுத்த நெல்லுக்கு உழைத்தவர்க்குக் கையில் கூலிப்பணம் என்ற ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது அங்கேதான். அப்பணத்தில் ஒரு பங்கு இதழுக்கும் நூலுக்கும் சென்றது. கள்ளுக்கடைக்குச் சென்ற பங்கும் உண்டு. அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. ஐந்தாம் சீலத்தை இத்துணை வற்புறுத்தியதன் காரணமும் அதுவே.

சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலை எழுந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது அதுவே. பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். அவர் மைந்தர் பட்டாபிராமன் இதழைச் சிலகாலம் நடத்தினார்; பின்னர் நின்றது. நின்ற இதழை 1926இல் மீண்டும் உயிர்ப்பித்தவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். சென்னையில் பிறந்த இதழுக்குச் சுரங்கத் தொழிலாளர் ஊரே மறுவாழ்வு தந்தது. அறிஞர் நடத்த வேண்டிய இதழைக் கூலித் தொழிலாளர் தாங்கினர் என்று வியப்போர் உண்டு. நமக்கு அதில் வியப்பில்லை. இராஜபாளையத்தில் 1936இல் பஞ்சாலை எழுந்தபின் ஆலைக்குச் சென்ற நம் பாட்டன்மாருள்ளும் சங்கு ஊதுமுன் செய்தித்தாள் படித்துவிட்டுச் சென்றவர் இருந்தனர்.

பண்டிதரோடு ஒருகாலத்தில் உடன் நின்றவர் பேராசிரியர் லட்சுமி நரசு. இவர் 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை டாக்டர் அம்பேத்கர் 1948இல் மீண்டும் பதிப்பித்தார். நரசு அறிவியல் ஆசிரியர். பகுத்தறிவின் வழியே புத்தரைக் கண்டவர். பண்டிதரோ தமிழ்ச் சொற்களையும் நிகண்டுகளையும் செவிவழிச் செய்திகளையும் கொண்டு பழைய வரலாற்றை மீட்க முயன்றவர். இருவர் வழியும் ஒன்றாகவில்லை; கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரே சங்கத்துள் இத்தகைய இருவர் இருந்ததே அச்சங்கத்தின் வலிமை என்று நாம் கருதுகிறோம். பண்டிதர் கூறிய சொல்விளக்கங்களையும் வரலாற்று முடிபுகளையும் இன்றைய ஆய்வாளர் எல்லோரும் அப்படியே ஒப்புவதில்லை. நாமும் ஒப்ப வேண்டியதில்லை. படிப்பது ஒப்புவதற்காக மட்டுமன்று.

இதனினும் கடினமான ஒன்றையும் இங்கே எழுதத்தான் வேண்டும். பண்டிதர், வஞ்சனையால் தாழ்த்தப்பட்டோர் என்றும், தம் இயல்பால் தாழ்ந்தோர் என்றும் மக்களை இரண்டாகப் பிரித்தார். சக்கிலியர், தோட்டியர், குறவர் முதலானோரை இரண்டாம் வகையில் வைத்தார். சாதியில்லா நெறியைச் சொன்ன அதே பேனா இதையும் எழுதிற்று. நம் கழகத்தில் அருந்ததியர் குடும்பத்தினர் பலர் உறுப்பினர். இப்பகுதி நம் வட்டத்தில் படிக்கப்பட்ட ஞாயிறன்று அறை முழுதும் அமைதியாயிற்று. அருந்ததிய இளைஞர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, இதையும் நீங்களே படித்துக் காட்டினீர்களே, அதனால்தான் அடுத்த வாரமும் வருவேன்’ என்றார். அடுத்த வாரமும் வந்தார். பண்டிதரைக் கைவிட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. அப்பக்கத்தை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று நாமும் சொல்லவில்லை. மறைத்துப் படித்திருந்தால் பண்டிதரின் பெருமை ஒருவேளை குறையாமல் இருந்திருக்கும். அந்த இளைஞரை நாம் இழந்திருப்போம்.

டாக்டர் அம்பேத்கருக்கும் புத்தர் முதலில் ஒரு நூலாகவே கிடைத்தார். மாணவப் பருவத்தில் கெலுஸ்கர் என்னும் மராத்திய ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் சரிதத்தை அவருக்குப் பரிசளித்தார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய அந்நூல் எங்கே கொண்டுசென்றது என்பதை 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் உலகமே கண்டது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1924இல் பம்பாயில் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் நோக்கங்களுள் மாணவர் விடுதிகளோடு நூலகங்களையும் படிப்பு வட்டங்களையும் அமைப்பதும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. விடுதி வேண்டும், தொழிற்பள்ளி வேண்டும். அவற்றோடு படிப்பு வட்டமும் வேண்டும் என்று அவர் ஒரே பட்டியலில் எழுதினார். ஒன்றை வைத்து மற்றொன்றை நீக்கவில்லை.

தமிழன் இதழ் 1930களுக்குப் பின் நின்றுவிட்டது. தங்கவயல் சுரங்கமும் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டது. கல்லூரிகளின் வரலாற்றுப் பாடங்களில் பண்டிதரின் பெயர் நெடுங்காலம் இல்லை. அவ்விதழ்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன? வாசகர் சிலர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்ததால் கிடைத்தன. அன்பு பொன்னோவியம் அவர்கள் பல்லாண்டு பாதுகாத்த இதழ்கள் அவற்றுள் தலையானவை. அறிஞர் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் பெயரில் 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. பென்னிங்டன் நூலகம் தோன்றியபோது பாளையங்கோட்டையும் நாமும் ஒரே மாவட்டத்தார் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 2005இல் இந்திய அரசு பண்டிதருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பைசா இதழ் ஒன்றைப் பெட்டியில் மடித்து வைத்த யாரோ ஒரு தொழிலாளி இல்லையேல் இவற்றுள் எதுவும் நடந்திராது.

இனி, நம் வட்டத்தில் சேர விரும்புவோருக்குச் சில சொற்கள். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் கழகக் கட்டடத்தின் மாடியில் கூடுகிறோம். சமயம் எதுவாயினும் தடையில்லை; இந்துவும் கிறித்தவரும் பௌத்தரும் சமயம் வேண்டாதாரும் இப்போதே இருக்கின்றனர். ஒருவர் இரு பக்கம் படிப்பார், பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம். நூல் ஒன்றை இரண்டு வாரத்துக்கு இரவல் பெறலாம். தேர்வு நூல்களுக்கென ஓர் அலமாரி தனியே ஒதுக்குவது என்றும், மற்ற இரண்டு அலமாரிகள் இப்போதுபோலவே இருப்பது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. இரவல் பதிவேட்டில் கையொப்பமிட மறக்க வேண்டா. சென்ற ஆண்டு திரும்பி வராத நூல்கள் பதினொன்று.

‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் தொகுதி, இக்கட்டுரையை எழுதும்போது ஒருமுறை சரிபார்ப்பதற்கு வேண்டியிருந்தது. அலமாரியில் இல்லை. பஞ்சாலையில் இரவு முறைக்குச் செல்லும் உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சென்று ஐந்து வாரம் ஆகிறது. கேட்டனுப்பினோம். அடுத்த வீட்டு அக்கா இப்போது படித்துக்கொண்டிருக்கிறார், முடித்ததும் தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.